ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை எதற்கு? செல் சவ்வைக் கடக்கும் பொருள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் ஒன் வகுப்பில் செல் சவ்வுப் பாடம் முடிந்த மறுநாள், மேசைமேல் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை (பேதியில் இழந்த நீரை ஈடுகட்ட நீரில் கரைத்துக் குடிப்பது) வைத்து, "இதில் சர்க்கரை எதற்கு?" என்று கேட்பது என் வழக்கம். "தெம்புக்கு" என்பதுதான் முதலில் வரும் பதில். "உப்புக் கரிக்காமல் இருக்க" என்பது அடுத்தது. இரண்டும் சரியில்லை. சரியான பதில் முந்தைய நாள் நடத்திய பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பதிலை நோக்கிப் போகிற வழியில் மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

செல் சவ்வு என்பது ஒரு சல்லடை மாதிரிதானே?

இல்லை. சல்லடை அளவை மட்டும்தான் பார்க்கும். சோடியம் அயனி ஆக்சிஜன் மூலக்கூறைவிடச் சிறியது. ஆனாலும் ஆக்சிஜன் சவ்வைத் தடையின்றிக் கடந்துவிடுகிறது, சோடியம் வெளியே நின்றுவிடுகிறது. அப்படியானால் சவ்வு பார்ப்பது வேறு எதையோ.

சவ்வின் அடிப்படை, பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறுகளின் இரண்டு வரிசை. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு. தலைகள் வெளிப்பக்கமும் உட்பக்கமும் நீரைப் பார்த்து நிற்க, வால்கள் நடுவில் ஒளிந்துகொள்கின்றன. எனவே சவ்வின் நடுப்பகுதி எண்ணெய் போன்றது. ரசத்தில் போட்ட உப்பு ரசத்தில் கரைகிறது. மேலே மிதக்கும் நெய்யில் அது கரைவதில்லை. சோடியத்துக்கும் அதே கதிதான். நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கும் மின்னேற்றம் கொண்ட துகள் எண்ணெய்க்குள் நுழைய முடியாது. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஸ்டீராய்டு ஹார்மோன்கள் போன்றவை எண்ணெயில் கரையக்கூடியவை, அதனால் நேராகவே கடந்துவிடுகின்றன.

இந்த இரட்டை வரிசையை 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் எளிய வழியில் கண்டறிந்தார்கள். சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பினார்கள். அது அந்த அணுக்களின் மேற்பரப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பை மூடியது. மொத்தத் தடிமன் 7 முதல் 8 நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் சுமார் பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கலாம்.

பொருள்கள் தாமாகவே பரவிப் போய்ச் சேர்ந்துவிடாதா?

மிகக் குறுகிய தூரத்துக்குச் சேரும். பரவல் என்பது மூலக்கூறுகளின் இலக்கில்லாத அலைச்சல். கூட்டமான இடத்திலிருந்து கூட்டம் குறைந்த இடத்துக்கு மொத்தத்தில் நகர்வது அதன் விளைவு. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். நீரில் ஒரு சிறு மூலக்கூறு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை, அதாவது ஒரு செல்லின் அகலத்தை, விநாடியில் சிறு பகுதியில் கடந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 8 நிமிடம். ஒரு சென்டிமீட்டருக்கு அரை நாளுக்கும் மேல். செல்கள் ஏன் இவ்வளவு சிறியவை, நமக்கு ஏன் ரத்த ஓட்டம் தேவை என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்தக் கணக்கே பதில் சொல்கிறது.

செறிவு கூடிய பக்கத்துக்கு நீர் சவ்வைக் கடந்து போகும் சவ்வூடு பரவலைப் பாடப்புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறவில்லை. வீட்டில் எங்கே பார்க்கலாம்?

மாவடு ஜாடியில். பிஞ்சு மாங்காயில் விளக்கெண்ணெய் தடவி, உப்பைப் போட்டுக் குலுக்கி வைக்கிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. இரண்டு மூன்று நாளில் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, வடு சுருங்கிப் போகிறது. அந்தத் தண்ணீர் மாங்காயின் செல்களுக்குள் இருந்தது. வெளியே உப்பின் செறிவு கூடியதும் நீர் சவ்வைக் கடந்து வெளியே வந்துவிட்டது. கெட்டுப்போக வைக்கும் நுண்ணுயிர்களும் அதே உப்பில் நீரை இழந்து முடங்குகின்றன.

எதிர்த்திசையில் பார்க்க வேண்டுமானால், வாடிய கொத்தமல்லித் தழையைத் தண்ணீரில் நிறுத்துங்கள். நீர் உள்ளே போய்ச் செல்கள் உப்பி, தண்டு மறுபடி நிமிரும். தாவரச் செல்லுக்குச் சவ்வுக்கு வெளியே உறுதியான சுவர் இருப்பதால் எவ்வளவு உப்பினாலும் வெடிக்காது.

சவ்வு உயிரோடிருக்கும்போது எவ்வளவு கறாராகக் காவல் காக்கிறது என்பதற்கு பீட்ரூட் நல்ல சாட்சி. பச்சையாக நறுக்கி, நன்றாகக் கழுவிக் குளிர்ந்த நீரில் போட்டால் நிறம் அதிகம் இறங்காது. கொதிக்கவிட்டால் சவ்வுகள் குலைந்து பாத்திரம் முழுக்கச் சிவப்பாகிவிடும்.

அப்படியானால் ட்ரிப்ஸில் ஏன் வெறும் தண்ணீரை ஏற்றுவதில்லை?

சிவப்பணுவுக்குச் சுவர் கிடையாது. சுத்த நீரில் போட்டால் நீர் உள்ளே பாய்ந்து அது வெடித்துவிடும். அதனால்தான் சாதாரண சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் உப்பு, அதாவது லிட்டருக்கு 9 கிராம், இருக்கிறது. அந்த அளவில் உள்ளேயும் வெளியேயும் செறிவு சமமாக இருப்பதால் அணு உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை.

நீரும் எண்ணெயும் ஒட்டாதே. நீர் மட்டும் எப்படிச் சவ்வைக் கடக்கிறது?

வகுப்பில் யாராவது இதைக் கேட்டுவிட்டால் எனக்கு அன்றைய நாள் நல்ல நாள். ஏனென்றால் அறிவியல் உலகமே இந்தக் கேள்வியை நெடுங்காலம் சுமந்துகொண்டிருந்தது. நீர் கொஞ்சம் கொஞ்சமாக இரட்டை வரிசைக்குள் கசிந்து போகும் என்பது உண்மை. ஆனால் சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் நீர் போகும் வேகத்துக்கு அந்தக் கசிவு போதாது.

அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஆக்ரே, சிவப்பணுவின் வேறொரு புரதத்தைத் தேடும்போது, பெயர் தெரியாத ஒரு புரதம் திரும்பத் திரும்பத் தென்படுவதைக் கவனித்தார். அதை உருவாக்கும் மரபுச் செய்தியை 1992-இல் அவர் குழுவினர் தவளை முட்டைகளுக்குள் செலுத்தினார்கள். தவளை முட்டை சாதாரணமாக நன்னீரில் ஒன்றும் ஆகாமல் கிடக்கும். இந்தப் புரதம் வந்து சேர்ந்த முட்டைகள் சில நிமிடங்களில் ஊதி வெடித்தன. நீருக்கென்றே தனி வழி இருப்பது தெரிந்துவிட்டது. அதற்கு அக்வாபோரின் என்று பெயர் வைத்தார்கள். ஒரே ஒரு அக்வாபோரின் வழியே விநாடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் போகும். நீரைத் தவிர ஒரு புரோட்டானைக்கூட அது விடாது. 2003-இன் வேதியியல் நோபல் பரிசு ஆக்ரேக்கும், சவ்வில் பொட்டாசியத்துக்கு வழிவிடும் புரதமான பொட்டாசியம் வாய்க்காலின் வடிவத்தைக் கண்டறிந்த ரோடெரிக் மெக்கின்னனுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

நம் சிறுநீரகம் நாளுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியே விடுகிறது. மற்றதெல்லாம் திரும்ப உள்ளே வருகிறது, பெரும்பகுதி இந்த அக்வாபோரின்கள் வழியாக.

கடத்துப் புரதம் இருந்தாலே செல் ஆற்றல் செலவழிக்கிறது என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். தேர்வில் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். புரதம் வேண்டுமா என்பது ஒரு கேள்வி, ஆற்றல் வேண்டுமா என்பது வேறு கேள்வி. அக்வாபோரினும், சிவப்பணுவுக்குள் குளுக்கோஸை விடும் குளூட்1-உம் புரதங்கள்தான். ஆனால் பொருள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, அதாவது செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு, இறங்கும் திசையிலேயே போவதால் செல்லுக்குச் செலவே இல்லை. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றும்போதுதான் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. செலவாகும். அதைத்தான் செயல்மிகு கடத்தல் என்கிறோம்.

அப்படி மேட்டுக்கு ஏற்றும் பம்ப் எது?

பல உண்டு. எல்லாவற்றுக்கும் ஆதாரமானது சோடியம்–பொட்டாசியம் பம்ப். ஒரு ஏ.டி.பி.யைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதனால் செல்லுக்கு வெளியே லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) சோடியம், உள்ளே 12 அளவுதான். பொட்டாசியம் இதற்கு நேர்மாறு: உள்ளே 140, வெளியே 4. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இந்த ஒரு பம்புக்கே போகிறது.

டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ 1957-இல் நண்டுகளின் கால் நரம்புகளை அரைத்து ஆராய்ந்தபோது இதைக் கண்டார். நோபல் பரிசு 40 ஆண்டுகள் கழித்து, 1997-இல் வந்தது.

இந்தப் பம்பை வீட்டு மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும்போது மின்சாரம் செலவாகிறது. பிறகு குழாயைத் திறந்தால் மின்சாரம் இல்லாமலே தண்ணீர் விழும், அந்த விசையில் வேறு வேலையும் வாங்கலாம். செல்லுக்கு வெளியே குவிந்துகிடக்கும் சோடியம்தான் அந்த மாடித் தொட்டி. அது எப்போதும் உள்ளே இறங்கத் துடிக்கிறது.

சரி, ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை எதற்கு?

சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் செல்களின் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி.1 என்ற புரதம் உண்டு. அது ஒரு விசித்திரமான கதவு. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் சோடியத்தின் விசை, குளுக்கோஸையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. குளுக்கோஸ் இல்லாவிட்டால் அந்தக் கதவு வழியே சோடியம் வராது.

உள்ளே வந்த சோடியத்தைச் செல்லின் மறுபக்கத்தில் இருக்கும் பம்ப் ரத்தத்தின் பக்கம் தள்ளுகிறது. குளுக்கோஸ் வேறொரு வழியில் அங்கேயே போய்ச் சேர்கிறது. அந்தப் பக்கம் செறிவு கூடியதும், மாவடு ஜாடியில் நடந்ததைப் போலவே, நீர் பின்தொடர்ந்து போகிறது. நமக்கு வேண்டியது அந்த நீர்தான். நீரை நேரடியாக ஏற்றும் பம்ப் உடலில் கிடையாது. நீரை இழுக்க உப்பை நகர்த்த வேண்டும், உப்பை நகர்த்த இந்த இடத்தில் சர்க்கரை வேண்டும்.

சோடியமும் குளுக்கோஸும் இப்படிக் கைகோத்து வருகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் முன்வைத்தார். அடுத்த பத்தாண்டுகளுக்குள் அது உயிர்களைக் காப்பாற்றத் தொடங்கிவிட்டது.

காலராவில் குடலே கெட்டுப்போயிருக்குமே? அந்தக் கதவு மட்டும் எப்படி வேலை செய்யும்?

காலராவில் குடல் செல்கள் செத்துப்போவதில்லை. 1959-இல் கொல்கத்தாவில் சம்பு நாத் டே, முயலின் குடலில் செய்த ஆய்வில், கிருமியே இல்லாமல், அது வளர்ந்த திரவத்தின் வடிநீர் மட்டுமே குடலுக்குள் நீரைச் சுரக்க வைப்பதைக் காட்டினார். நோயை உண்டாக்குவது கிருமி வெளியிடும் நச்சு என்பது அதன் பொருள். அந்த நச்சு குடல் செல்லுக்குள் ஒரு சமிக்ஞையை இடைவிடாமல் ஒலிக்க விடுகிறது. சி.எஃப்.டி.ஆர். என்ற குளோரைடு வாய்க்கால் திறந்தபடியே நின்றுவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் நீரும் அதன் பின்னால் போகின்றன. கடுமையான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கலாம். அதே சமிக்ஞை, சாதாரணமாக உப்பை உறிஞ்சும் வழியையும் அடைத்துவிடுகிறது. அதனால் வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் தங்காது.

ஆனால் எஸ்.ஜி.எல்.டி.1 கதவை அந்த நச்சு தொடுவதில்லை. வீட்டின் எல்லா வாசலும் அடைபட்ட நேரத்தில் திறந்திருக்கும் ஒரே வாசல் அது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

டாக்காவில் இருந்த காலரா ஆய்வகத்தில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் மருத்துவர்கள் 1968-இல் இதை நோயாளிகளிடம் சோதித்து, ட்ரிப்ஸின் தேவை பெருமளவு குறைவதைக் காட்டினார்கள். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸிடம் ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, நீரில் கரைத்து, நோயாளிகளின் குடும்பத்தாரையே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். அதற்கு முன் 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, அவர் கவனித்தவர்களில் 3.6 சதவீதமாக இறங்கியது. 1978-இல் லான்செட் மருத்துவ இதழ், சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே நகர்கின்றன என்ற கண்டுபிடிப்பு இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மகலனாபிஸ் 2022-இல் காலமானார், பத்ம விபூஷண் மறு ஆண்டு அறிவிக்கப்பட்டது. உயிரோடிருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இளநீர், குளிர்பானம், பழச்சாறு கொடுத்தால் போதாதா?

உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டு அளவில், லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்கிறது. இதில் சோடியமும் குளுக்கோஸும் 75க்கு 75 மில்லிமோல், சரிசமம்.

குளிர்பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும், சோடியம் பெயருக்குத்தான். உறிஞ்சப்படாத சர்க்கரை குடலுக்குள் தங்கி உடலிலிருந்து நீரை இழுக்கும், பேதி அதிகமாகும். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. சாதாரண நாளில் அருமையான பானம்தான், ஆனால் பேதிக்கு ஓ.ஆர்.எஸ்.ஸின் இடத்தை அது பிடிக்காது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. அரிசியின் மாவுச்சத்து குடலில் மெல்லமெல்லக் குளுக்கோஸாக உடைந்து அதே கதவைத் திறக்கும்.

கடையில் வாங்கும்போது பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் சேர்த்துக்கொண்ட இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகள் விற்கப்பட்டன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயர்களுக்குத் தடை போட்டது.

பாக்கெட் கிடைக்காத அவசரத்தில்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது.

சர்க்கரை நோய்க்கு எனக்குக் கொடுத்த மாத்திரை சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் என்கிறார்கள். அதுவும் இந்தக் கதவுதானா?

அதன் உடன்பிறப்பு. சிறுநீரகம் நாளுக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டுகிறது. அதில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எஸ்.ஜி.எல்.டி.2 திரும்ப உள்ளே இழுக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் அந்தக் கதவை அடைக்கின்றன, சர்க்கரை சிறுநீரோடு போய்விடுகிறது. இந்த மருந்துகளுக்கு வழிகாட்டிய ஃப்ளோரிசின், 1835-இல் ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு வாந்தியோ பேதியோ வந்தால், மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரை உடனே கேட்க வேண்டும்.

இன்சுலின் செல்லின் கதவைத் திறக்கிறது என்பது சரியா?

தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் பொருந்தும். துல்லியமாகச் சொன்னால், இன்சுலின் கதவையே கொண்டுவந்து பொருத்துகிறது. குளூட்4 என்ற புரதங்கள் செல்லுக்குள் சிறு பைகளில் காத்திருக்கும். இன்சுலின் வந்ததும் பைகள் சவ்வோடு இணைந்து, குளூட்4 வெளியே தெரியும்படி நிற்கும். தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே இதே நகர்வு நடக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கச் சொல்வதன் பின்னால் இந்த நியாயமும் இருக்கிறது.

பெரிய பொருள்கள் எப்படிப் போகும்?

சவ்வே குழிந்து அவற்றை விழுங்கும். வெளியேற்றும்போது பை சவ்வோடு கலந்து உள்ளடக்கத்தைக் கொட்டும். வெள்ளணு கிருமியை விழுங்குவது, நரம்பு முனை வேதிச் செய்தியை விடுவது எல்லாம் இந்த வகை. கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்.டி.எல். துகள் செல்லுக்குள் போவதும் இப்படித்தான். அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு ரத்தத்தில் கொழுப்பு தேங்கி இளவயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது இதைக் கண்டறிந்ததற்காக.

இலங்கைப் பாடநூலில் சொற்கள் வேறாக இருக்கின்றனவே?

ஆமாம். இங்கே செல், அங்கே கலம். இங்கே சவ்வு, அங்கே மென்சவ்வு. சவ்வூடு பரவலை அங்கே பிரசாரணம் என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் குறிப்புகளைப் படிக்க இந்த மூன்றும் தெரிந்தால் பெருமளவு சமாளிக்கலாம்.

குழந்தை ஓ.ஆர்.எஸ்.ஸைக் குடித்ததும் வாந்தி எடுத்துவிடுகிறது. என்ன செய்வது?

நிறுத்த வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் கொடுங்கள். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட சிறுவர்களுக்கு 100 முதல் 200 மில்லி. தாய்ப்பாலும் வழக்கமான உணவும் தொடரட்டும். பாக்கெட்டில் சொன்ன அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவாகப் போட்டால் செறிவு தவறிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். துத்தநாக மருந்தை மருத்துவர் 14 நாளுக்கு எழுதிக்கொடுத்தால், பேதி நின்ற பிறகும் முழுவதும் கொடுத்து முடியுங்கள்.

குழந்தை குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால், கண் குழிவிழுந்தால், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் ஸ்பூனோடு காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், குடிக்க முடிந்தால் வழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே.